மாற்றுக் கல்வியும் மாசக் கடைசியும்

யானைமலைக்குக் கீழ குடியிருக்கிறதுல ஒரு வசதி உண்டு. மனசு சரியில்லைன்னா மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கிட்டு நிக்கலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. போன வாரம் அப்படித்தான் ஒரு மணி நேரம் நின்னேன். காதல் தோல்வியெல்லாம் இல்லீங்க, கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு. ஸ்கூல் ஃபீஸ் :-)

சொந்தக் கதை, சோகக் கதைதான். சுருக்கமா சொல்லிடுறேன். ஒத்தக்கடைல வீடு. அப்பா வாங்கிப் போட்டிருந்த இடத்துல லோன் போட்டுக் கட்டினது. பொட்டி தட்டுற வேலை. பாதி நாள் வீட்டுலேர்ந்து, பாதி நாள் இலந்தைக்குளம் ஐ.டி. பார்க். பொண்ணுக்கு நாலு வயசு. தங்கமணி கல்யாணத்துக்கு முன்னாடி டீச்சரா இருந்தவங்க. அதனால பாப்பாவை எந்த ஸ்கூல்ல சேர்க்கிறதுங்கிறது எங்க வீட்டுல சாதாரண பேச்சு கிடையாது, ரெண்டு வருஷமா ஓடுற பட்டிமன்றம்.

ரெண்டு பேருக்கும் ஒரு விஷயத்துல மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. நாங்க படிச்ச மாதிரி பாப்பா படிக்கக் கூடாது. ரேங்க் கார்டைப் பார்த்து வயித்தைக் கலக்கக் கூடாது. அஞ்சு வயசுல டியூஷன் போகக் கூடாது. டோட்டோ-சான் புத்தகத்தைப் படிச்சுட்டு, ரயில் பெட்டியில பாடம் நடத்தின அந்த ஜப்பான் பள்ளிக்கூடம் மாதிரி ஒண்ணு நம்ம ஊர்ல இருக்காதான்னு ஏங்கின கோஷ்டிதான் நாங்களும்.

அப்படித்தான் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு மாற்றுப் பள்ளிக்குப் போனோம். பேரு வேண்டாம், நல்ல பள்ளிக்கூடம். மரத்தடி, களிமண், சீருடை இல்லை, பரீட்சை இல்லை. பாப்பா களிமண்ணுல உட்கார்ந்தவ எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. தங்கமணி கண்ணுல அப்படி ஒரு வெளிச்சம். அப்புறம் ஆபீஸ் ரூம்ல ஒரு தாளைக் குடுத்தாங்க.

வருஷத்துக்கு 1,20,000. சேர்க்கைக் கட்டணம் தனியா 40,000. வேன் மாசம் 3,000.

திரும்பி வர்றப்ப பைக்ல ரெண்டு பேரும் பேசவே இல்லை. பாப்பா மட்டும் "நாளைக்கும் அங்க போலாமாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா.

சரி, கணக்குக்கு வருவோம். கைக்கு வர்றது மாசம் 62,000. வீட்டு லோன் 19,000. மளிகை, காய், பால் 12,000. கரண்ட், கேஸ், பெட்ரோல், போன் 6,500. அப்பா அம்மாவுக்கு மருந்து 4,500. இன்சூரன்ஸ் 3,000. சீட்டு 5,000. கல்யாணம், காதுகுத்து மொய்யி சராசரியா 3,000 (மதுரைக்காரனுக்கு இதைக் குறைக்கிற உரிமை கிடையாது). ஆகமொத்தம் 53,000. மிச்சம் 9,000. பள்ளிக்கூடத்துக்கு வேனோட சேர்த்து மாசம் 13,000 வேணும்.

நாலாயிரம்தான் இடிக்குது. அதுதான் ஆபத்தே. இருபதாயிரம் இடிச்சிருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திருப்போம். நாலாயிரம்னா, முக்கினா முடியும்னு தோணும். "ஏங்க, சீட்டை நிறுத்திடலாம். சேர்க்கைக்கு என் வளையலை வச்சுக்கலாம்"னு தங்கமணி சொன்னாங்க. நிறுத்தினா மாசம் ஆயிரம் ரூபா கையில நிக்கும். ஒரு காய்ச்சல் வந்தா அதுவும் காலி.

நடுத்தர வர்க்கத்தோட பிரச்சினையே இதுதான். 25 சதவீத இட ஒதுக்கீட்டுல ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளியில இலவச இடம் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டம் குடுத்தது. தமிழ்நாட்டுல நலிவடைந்த பிரிவுக்கு வருமான வரம்பு வருஷம் 2 லட்சம். அதுல நாம வர மாட்டோம், வரவும் கூடாது. மேல இருக்கிறவங்களுக்கு ஃபீஸ் ஒரு பொருட்டில்லை. நடுவுல இருக்கிற நாம மட்டும் எக்செல் ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு முழிக்கிறோம். வரி விலக்கு? பழைய வரி முறையில இருந்தா டியூஷன் ஃபீஸைக் காட்டலாம், அதுவும் பி.எஃப்., இன்சூரன்ஸ், லோன் அசல் எல்லாம் சேர்ந்து 1.5 லட்சத்துக்குள்ள. புது வரி முறையில அதுவும் கிடையாது.

எக்செல்ல இன்னொரு கட்டத்தையும் இழுத்துப் பார்த்தேன். ஃபீஸ் வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கங்க. எல்.கே.ஜி.லேர்ந்து பிளஸ் டூ வரைக்கும் 14 வருஷம். மொத்தம் 33.5 லட்சம். கடைசி வருஷ ஃபீஸ் மட்டும் நாலு லட்சத்துக்கு மேல. வேன் இல்லாம. "உன் சம்பளமும் ஏறும்ல?"னு மச்சான் கேட்டார். ஏறும். நம்ம ஃபீல்டுல ஏறவும் செய்யும், ஒரு திங்கக்கிழமை காலையில எச்.ஆர். கிட்டேர்ந்து மெயிலும் வரும். அப்ப என்ன ஆகும்னு யோசிங்க. அஞ்சாப்பு வரைக்கும் பரீட்சைன்னா என்னன்னே தெரியாம வளர்ந்த பிள்ளையைப் பிடுங்கி, ஆறாப்புல மாதாந்திரத் தேர்வு நடத்துற பள்ளிக்கூடத்துல போடணும். காசு தீர்ந்ததுக்குத் தண்டனை பிள்ளைக்கு.

இந்த இடத்துல "எல்லாம் கொள்ளைக்காரனுங்க"ன்னு திட்டி முடிச்சுடலாம், ஈஸி. ஆனா அது நியாயமில்லை. கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டீச்சருக்கு மாசம் 25,000 குடுத்தா வருஷம் 3 லட்சம். பத்துப் பிள்ளைக்கு ஒரு டீச்சர்னா, ஒரு பிள்ளை தலையில 30,000. நாப்பது பிள்ளையை அடைச்சா 7,500 தான். அதுக்கு மேல இட வாடகை, கைவினை, பாட்டு சொல்லிக்குடுக்க ஆள், மதியச் சாப்பாடு, கற்றல் கருவிகள். லட்சத்தைத் தொடுறதுல ஆச்சரியம் இல்லை. அரசு உதவி இல்லை, பெருசா நன்கொடையும் இல்லைன்னா, பெத்தவங்க பாக்கெட்டை விட்டா வேற வழி கிடையாது. ஆக நாம குடுக்கிற காசு ஏதோ ரகசியக் கல்வி முறைக்குப் போகலை. அதுல ஒரு கணிசமான பங்கு ஒரு டீச்சருக்குப் பத்துப் பிள்ளைங்கிற விகிதத்துக்குத்தான் போகுது.

ஏன்னா முறை இருக்கே, அது யாருக்காகக் கண்டுபிடிச்சதுன்னு தேடிப் பார்த்தா கிறுகிறுன்னு வருது.

மாண்டிசோரி அம்மையார் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' 1907-ல ரோம் நகரத்துல சான் லொரன்சோங்கிற ஏழைங்க பகுதியிலதான் ஆரம்பிச்சாங்க. அப்பா அம்மா கூலி வேலைக்குப் போயிடுவாங்க, பிள்ளைங்க புதுசா வெள்ளையடிச்ச குடியிருப்புச் சுவரை நாசம் பண்ணாம யாராவது பார்த்துக்கணும், அதுக்காக வீட்டுக்காரங்க ஏற்பாடு பண்ண இடம் அது. அதே அம்மையார் 1939-ல இந்தியா வந்து அடையார்ல பயிற்சி நடத்தி, போர்க் காலத்துல நம்ம கொடைக்கானல்லயே ரெண்டு வருஷம் போல இருந்தாங்க. வால்டார்ஃப் பள்ளி? 1919-ல ஜெர்மனியில ஸ்டுட்கார்ட்ல, ஒரு சிகரெட் ஃபாக்டரி முதலாளி தன் தொழிலாளிகளோட பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனரைக் கூப்பிட்டு ஆரம்பிச்சது. கூலிக்காரன் பிள்ளைக்கும் பீடி சுத்துறவன் பிள்ளைக்கும்னு சொல்ற மாதிரி. நூறு வருஷத்துல அது நம்ம வளையலைக் கேக்குற இடத்துக்கு வந்திருக்கு.

இன்னொரு கதை நம்ம ஊர்க் கதை. டேவிட் ஹார்ஸ்பரோன்னு ஒரு ஆங்கிலேயர், 1972-ல கர்நாடகாவுல கோலார் பக்கம் நீல்பாக்ங்கிற பள்ளியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கினார். ஒரே கூடத்துல வெவ்வேறு வயசுப் பிள்ளைங்க, அவங்கவங்க வேகத்துல படிப்பு. அவர்கிட்ட பயிற்சி எடுத்த பத்மநாப ராவ், ரமா தம்பதி அதை ரிஷிவேலியோட கிராமப் பள்ளிகள்ல அட்டைகளாவும் ஏணியாவும் மாத்தி அமைச்சாங்க. 2003-ல சென்னை மாநகராட்சி ஆணையரா இருந்த எம்.பி. விஜயகுமார் அதை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08 வாக்குல தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்க 'செயல்வழிக் கற்றல்'னு பரவுச்சு. பாய்ல உட்கார்ந்து, வட்டம் வட்டமா, தனக்கான அட்டையைத் தானே எடுத்துப் படிக்கிற வகுப்பு. பிள்ளைங்க கைக்கு எட்டுற உயரத்துல சுவத்துல கரும்பலகை. ரிஷிவேலி பேரைக் கேட்டாலே நாம வாயைப் பொளக்கிறோம். அங்க உருவான முறை, நம்ம பக்கத்துத் தெரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில காசில்லாம இருந்தது. நாம எட்டிக்கூடப் பார்க்கலை.

உடனே "அதெல்லாம் பேப்பர்ல"ன்னு சொல்வீங்க. பாதி உண்மை. முறை பரவின அளவுக்கு ஆளும் பயிற்சியும் பரவலை. பல இடத்துல அட்டை அலமாரியில தூங்குச்சு. 2022-ல 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதுல அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளை அவங்க நிலைக்கேத்த மாதிரி பிரிச்சு சொல்லிக்குடுக்கணும்.

சரின்னு ஒரு நாள் லீவு போட்டு பக்கத்துல ஒரு அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனேன். தயக்கமாத்தான் இருந்தது. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிடுறேன். நல்லது: ரெண்டாப்புப் பிள்ளைங்க காய்கறிக் கடை வச்சு விளையாடிக் கணக்கு போட்டுக்கிட்டிருந்தாங்க. டீச்சருக்கு ஒவ்வொரு பிள்ளை வீட்டுக் கதையும் தெரியுது. காலைச் சாப்பாடு உண்டு (இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல நம்ம மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியிலதான் ஆரம்பிச்சது). கெட்டது: ரெண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். கழிவறை சுமார், அதைச் சுமார்னு சொல்றதே பெருந்தன்மை. சட்டப்படி தொடக்கப் பள்ளியில 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். தலையை மட்டும் எண்ணினா அந்தக் கணக்கு சரியாத்தான் வருது. அஞ்சு வகுப்பு இருக்கேங்கிறது அந்தக் கணக்குல வராது.

தலைமை ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னார்: "உங்களை மாதிரி ஆளுங்க பிள்ளைகளைச் சேர்க்க வேணாம் சார், வந்து கேள்வியாவது கேளுங்க. கேக்க ஆளில்லாத இடத்துக்கு எதுவும் வராது." கேக்குறதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்கள் இருக்கணும். லட்ச ரூபா கட்டின இடத்துல நாம கேட்டுக்கு வெளிய நிப்போம். காசே கட்டாத இடத்துல உள்ள உட்கார்ந்து பேச நாற்காலி போட்டு வச்சிருக்கு சட்டம்.

நம்ம யா.கொடிக்குளம் கதை தெரியும்ல? இதே யானைமலை அடிவாரம். ஆயி பூரணம் அம்மா, வங்கி ஊழியர். ஊர்ல இருக்கிற அரசு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் வேணும்னதும், 1.52 ஏக்கரை 2024 ஜனவரியில எழுதிக் குடுத்துட்டாங்க. மதிப்பு 7 கோடின்னு செய்தியில வந்தது. இறந்துபோன மகள் நினைவா குடுத்தது. குடியரசு தினத்துல முதலமைச்சரோட சிறப்பு விருதும் குடுத்தாங்க. அந்த ரோட்டுலதான் நான் வாக்கிங் போறேன். தன் மகள் இல்லைன்னு ஆனப்புறம் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒருத்தர் அவ்வளவு குடுத்திருக்கார். நான் என் ஒரு பிள்ளையை மட்டும் எப்படித் தப்பிக்க வைக்கிறதுன்னு எக்செல் போடுறேன். வெக்கமா இருந்துச்சுன்னு சொன்னா மிகையில்லை.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். என் முடிவுக்கு உண்மையான காரணம் அங்கதான் இருக்கு.

அப்பாவுக்கு மார்க்கெட்ல கணக்கெழுதுற வேலை. என்னை மெட்ரிக் பள்ளியில படிக்க வச்சாங்க. ஒவ்வொரு ஜூன் மாசமும் அம்மா காதுல தோடு இருக்காது. ஓட்டை தூர்ந்துடக் கூடாதுன்னு வேப்பங்குச்சி சொருகியிருப்பாங்க. தீபாவளி வாக்குல தோடு திரும்பி வரும், அடுத்த ஜூன்ல மறுபடி போகும். என்னை அவங்க ஒரு நாள்கூட அடிச்சதில்லை, படின்னு மிரட்டினதில்லை. ஆனா ராத்திரி புஸ்தகத்தை மூடி வைக்கலாம்னு நெனச்சா அந்தக் குச்சி ஞாபகம் வரும். வரலாறு பிடிக்கும், எழுதப் பிடிக்கும். இன்ஜினியரிங்தான் படிச்சேன். தோட்டுக்குப் பதில் சொல்லணும்ல.

போன வாரம் "வளையலை வச்சுக்கலாங்க"ன்னு தங்கமணி சொன்னப்ப எனக்கு அந்தக் குச்சிதான் கண்ணுல தெரிஞ்சுது.

மாற்றுப் பள்ளிங்க எல்லாமே சொல்றது ஒண்ணுதான்: பிள்ளையை பயமில்லாம வளர விடுங்க, விளைச்சலை எதிர்பார்க்காதீங்க. அருமையான வார்த்தை. ஆனா அதுக்கு முதல் தகுதி, போட்ட காசைத் திருப்பிக் கேக்காத பெத்தவங்க. கடன் வாங்கிப் போட்டவனால கேக்காம இருக்க முடியாது. வாயால கேக்க மாட்டான், மூஞ்சியில கேப்பான். "இவ்வளவு கட்டுறோம், இன்னும் வாசிக்க மாட்டேங்குறாளே"ன்னு ஒரு நாள் வரும். பள்ளிக்கூடத்துல பரீட்சை இருக்காது, வீட்டுல தினம் பரீட்சை நடக்கும். அடகு வச்ச வளையலை வச்சு பயமில்லாத கல்வியை வாங்க முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அதனால எங்க வீட்டுக்குன்னு ஒரு விதி வச்சுக்கிட்டோம். சேமிப்பைத் தொடாம, நகையைத் தொடாம, ஒருத்தர் வேலை ஆறு மாசம் போனாலும் கட்ட முடியுற ஃபீஸ் எதுவோ, அதுதான் எங்க ஃபீஸ். எங்க கணக்குல அது மாசம் ரெண்டாயிரத்தைத் தாண்டலை. வருமானம் கூட இருக்கிறவங்களுக்கு அது பத்தாயிரமா வரலாம். தாராளமா மாற்றுப் பள்ளியில சேருங்க, அந்தப் பள்ளிங்க வாழணும். வசதிக்கேத்த மாதிரி ஃபீஸ் வாங்குற பள்ளி கிடைச்சா இன்னும் நல்லது. திருவண்ணாமலை மருதம் பண்ணைப் பள்ளியில கிராமத்துப் பிள்ளைகளும் வெளியூர்லேர்ந்து வந்தவங்க பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறாங்க. அந்த மாதிரி ஒண்ணு மதுரைப் பக்கம் வந்தா முதல் ஆளா நான் நிப்பேன்.

இப்போதைக்கு முடிவு: பாப்பா அரசுப் பள்ளி. மிச்சமாகிற காசுல கொஞ்சம் புத்தகம், கொஞ்சம் ஊர் சுத்தல். தங்கமணிக்கு ஒரு யோசனை இருக்கு. சனிக்கிழமை காலையில அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பத்துப் பேரை எங்க மாடிக்குக் கூப்பிட்டு களிமண், கதை, பாட்டு. பத்துக்கு ஒரு டீச்சர் விகிதம் வந்துடுச்சு பாருங்க, வாரத்துல ஒரு நாளாவது :-) நான் மேலாண்மைக் குழுவுல சேர்ந்து கழிவறையைப் பத்தி மட்டும் பேசிக்கிட்டே இருக்கப் போறேன்.

தியாகி பட்டமெல்லாம் வேணாம். அங்க படிக்கிற பிள்ளைங்க அப்பா அம்மாவை யாரும் தியாகின்னு சொல்றதில்லை. "பிள்ளையை வச்சு பரிசோதனை பண்றியா?"ன்னு கேக்குறாங்க. மாற்றுப் பள்ளியில போட்டிருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பாங்க. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்ங்கிறதுக்காகவான்னு ஒரு நண்பர் கேட்டார். நாலு வயசுப் பிள்ளைய்யா, இப்பதான் செருப்பை இடம் வலம் மாத்தாமப் போடக் கத்துக்கிட்டிருக்கா.

தப்பா முடிவெடுத்திருக்கலாம். ரெண்டு வருஷம் கழிச்சு பிள்ளைக்குச் சரிவரலைன்னா மாத்துவோம், அதுல கௌரவம் பார்க்கப் போறதில்லை.

அம்மாவுக்குத்தான் இன்னும் ஒப்பலை. "ஏன்யா, உன்னைய இங்கிலீஷ் மீடியத்துல போட நான் பட்ட பாடு என்ன, நீ இப்படிப் பண்றியே"ன்னு ரெண்டு நாளா சரியாப் பேசலை. என்னன்னு சொல்ல? பட்ட பாடு தெரிஞ்சதாலதான்மான்னு சொன்னா அழுதுடுவாங்க. பேசாம மாடிக்குப் போய் மலையைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.